குழிக்குள் திருப்பிய வெள்ளம்

மழை பெய்தால் மாமியார் வீட்டுச் சமையலறைத் தரை சாம்பல் நிறமாகிவிடும். கல்மாவு கலந்த தண்ணீர் பின்வாசல் வழியாக உள்ளே வந்து, அடுப்பு மேடைக்குக் கீழே சற்று நேரம் யோசித்து நின்றுவிட்டு, முன்வாசல் வழியாகத் தெருவுக்குப் போகும். போன பிறகு விரல் கனத்துக்குச் சேறு படிந்திருக்கும். காய்ந்துவிட்டால் சிமெண்ட்தான், சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மாமியார் ஒரு உடைந்த கரண்டியால் சுரண்டிக்கொண்டே மருமகளைக் கூப்பிடுவார்.

"உங்க கம்பெனியிலேர்ந்து விருந்தாளி வந்துட்டுப் போயிருக்கார். வந்து பாரு."

மருமகள் வந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு இன்னொரு கரண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். அந்தக் கம்பெனி மேலே இருந்த கல்குவாரி. அங்கே தண்ணீர் எங்கே போக வேண்டும், எங்கே போகக் கூடாது என்று பார்ப்பதுதான் அவளுடைய உத்தியோகம். குவாரியில் அவளுக்குத் தண்ணி மேடம் என்று பெயர்.

நாலு பக்கமும் செங்குத்தான மலை. நடுவில் கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம். பள்ளத்தின் அடியில் குவாரி. கிண்ணத்தில் ஒரே ஒரு கீறல், அதுதான் மலையிடுக்கு. மலைமேல் எங்கே மழை பெய்தாலும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாகத்தான் வெளியேற வேண்டும். இடுக்கு முடிகிற இடத்தில் தெரு ஆரம்பிக்கிறது. தெருவின் கீழ் வரிசையில் முதல் வீடு மாமியாருடையது.

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்குக் குவாரியில் வேலை கிடைத்தது. அதற்கு முன்பிருந்தே மாமியார் தெருக்காரர்களைத் திரட்டிக்கொண்டு குவாரி வாசலுக்குப் போய்ச் சத்தம் போட்டு வருபவர். ஆக, ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே வீட்டில் ஒரே சோப்பால் துணி துவைத்துக்கொண்டிருந்தன. பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த கணவன், இரண்டு பேருக்கும் நடுவில் வாயைச் சாப்பிட மட்டுமே திறக்கப் பழகியிருந்தான்.

அவளுடைய வேலையைச் சொல்வது சுலபம். மலையிலிருந்து இறங்கும் நல்ல தண்ணீர் குவாரிக்குள் நுழையக் கூடாது. குவாரிக்குள் விழுந்து அழுக்கான தண்ணீர் தெளியாமல் வெளியே போகக் கூடாது. முதலாவதுக்கு, மலைச்சரிவில் குவாரியைச் சுற்றி வெட்டிய ஒரு மண்வாய்க்கால் இருந்தது. இரண்டாவதுக்கு, இடுக்கின் வாயருகே கரை கட்டிய ஒரு பெரிய குட்டை இருந்தது. கலங்கல் தண்ணீர் அதில் தங்கி, சேறு அடியில் படிந்து, மேலே தெளிந்தது மட்டும் வழிந்து வெளியேற வேண்டும். வரைபடத்தில் இரண்டும் ஜோராக இருந்தன. நிஜத்தில் வாய்க்கால் வளைவுக்கு வளைவு சரிந்து கிடந்தது. குட்டையில் தண்ணீருக்கு இடமில்லாமல் சேறே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

"குட்டையைத் தூர்வாரணும் சார். பொக்லைன் வேணும்" என்று மேனேஜரிடம் கேட்டாள்.

மேனேஜர் கெட்ட மனிதரில்லை. ஆனால் அவருக்கு எல்லாமே லோடு கணக்கு. "லோடிங் நடக்குது மேடம். மழைக்கு இன்னும் நாள் இருக்கு, பாத்துக்கலாம்" என்றார்.

"மழை உங்ககிட்டச் சொல்லிட்டா வரும்?"

"சொல்லிட்டு வந்தா நல்லாத்தான் இருக்கும்" என்று சிரித்துவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டார்.

மறுநாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள். அவர் ஜீப்பில் ஏறினால் ஜீப்புக்கு முன்னால் நின்று கேட்டாள். அவள் தலை தெரிந்தாலே மேனேஜர் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும் அளவுக்கு ஆன பிறகு, ஒரு நாள் பேச்சை மாற்றினாள்.

"சார், ஒரு தடவை எங்க வீட்டுக்கு வாங்க. டீ குடிக்கலாம்."

தொல்லை விட்டது என்று நினைத்து அவரும் வந்தார். வாசலில் மாமியாரைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. குவாரி வாசலில் அந்தக் குரலை அவர் பலமுறை கேட்டிருக்கிறார். மாமியார் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மேனேஜர்னா பெரிய ஆளா இருப்பீங்கன்னு நினைச்சேன். சரி, வந்ததுதான் வந்தீங்க, ஒரு கை குடுங்க. இந்தப் பக்கம் பிடிங்க."

ஃபிரிட்ஜை ஓரடி உயரத்துக்குச் செங்கல் அடுக்கி அதன்மேல் ஏற்ற வேண்டியிருந்தது. மழைக்கு முன்னால் வருஷா வருஷம் செய்கிற வேலை. மேனேஜர் இஸ்திரி போட்ட சட்டையோடு ஃபிரிட்ஜைக் கட்டிப் பிடித்துத் தூக்கினார். பிறகு அரிசி டின், பிறகு பீரோவின் கீழ்த்தட்டுத் துணி, பிறகு கட்டிலின் நான்கு கால்களுக்கும் நான்கு செங்கல். மாமியார் ஒரு வார்த்தை திட்டவில்லை. "இன்னும் கொஞ்சம் தூக்குங்க, அவ்வளவுதான், இறக்குங்க" என்பதைத் தவிர அவர் வேறெதுவும் பேசவில்லை. டீ வருவதற்குள் மேனேஜரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"எல்லா வீட்டுலயும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"கீழ் வரிசை முழுக்க" என்றார் மாமியார். "எங்களுக்காவது பையன் இருக்கான் தூக்க. பக்கத்து வீட்டம்மா தனிக்கட்டை. அவங்க வீட்டுக்கும் ஒரு எட்டு போய்ட்டு வந்துடுங்களேன்."

போய்விட்டு வந்தார்.

அடுத்த வாரம் பொக்லைன் கிடைத்தது. அதை ஓட்டுபவருக்கு மாப்பிள்ளை என்று பெயர். தலை நரைத்த பிறகும் கல்யாணமே செய்துகொள்ளாத மனிதர். யார் வைத்தார்களோ, அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. மாப்பிள்ளையும் அவளும் சேர்ந்து குட்டையில் முக்கால்வாசிச் சேற்றை அள்ளி வெளியே போட்டார்கள். கரையை மண் போட்டு மிதித்து உயர்த்தினார்கள். அடுத்து வாய்க்காலின் பெரிய வளைவில் கல் கட்ட வேண்டும். அதற்குள் மழை வந்துவிட்டது.

அன்று மதியச் சாப்பாட்டு நேரம். காலையிலிருந்து பெய்துகொண்டிருந்த தூறல் திடீரென்று வலுத்து, மலையே தெரியாமல் போயிற்று. அவள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வாய்க்காலைப் பார்க்க ஏறினாள். பாதி ஏறும்போதே சத்தம் கேட்டது. இடியில்லை. இடி ஓரிடத்தில் முடியும், இது முடியாமல் இழுத்துக்கொண்டே போனது. பெரிய வளைவுக்கு மேலே ஒரு வீட்டளவு மண் மரத்தோடு சரிந்து வாய்க்காலை அடைத்துவிட்டிருந்தது. வாய்க்காலில் வந்த மலைத்தண்ணீர் முழுவதும் வளைவில் முட்டி, கரையேறி, நேராகக் குவாரியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

அடைப்பை எடுக்க முடியாது என்று பார்த்தவுடன் தெரிந்தது. சரிவு இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. அங்கே ஆளை அனுப்பினால் ஆள் திரும்ப மாட்டான்.

இறங்கி ஓடிக் குட்டைக்கு வந்தாள். மலைத்தண்ணீர் லாரிப் பாதையோரக் கால்வாயில் விழுந்து குட்டைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. வழிந்து போகும் வாய் நிரம்பி ஓடியும் போதவில்லை. குட்டை ஏறிக்கொண்டே வந்தது. அவள் கரையின் வெளிப்பக்கம் இறங்கிக் குனிந்து பார்த்தாள். கரையடியில் ஓரிடத்தில் தண்ணீர் கசிந்தது. தெளிவாகக் கசிந்தால் பயப்பட வேண்டியதில்லை. இது கலங்கி வந்தது. கரையின் மண்ணை உள்ளேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வந்தது.

அந்தக் கரை போனால் குட்டையிலிருக்கும் மொத்தச் சேறும் தண்ணீரும் ஒரே மூச்சில் இடுக்கு வழியாகத் தெருவுக்குள் இறங்கும். செங்கல்மேல் ஏற்றிய ஃபிரிட்ஜெல்லாம் அதன் முன்னால் நிற்காது.

முதலில் வீட்டுக்கு ஃபோன் செய்தாள்.

"அத்தை, கீழ் வரிசையில இருக்கிற எல்லாரையும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லுங்க."

"எவ்வளவு நேரம் இருக்கு?"

"தெரியல. இப்பவே போங்க."

"சரி, வை" என்றார் மாமியார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அவள் சொன்ன எதையும் மாமியார் இப்படி ஒரே பேச்சில் ஏற்றுக்கொண்டதில்லை.

மேனேஜர் ஆபீஸ் வாசலில் குடையைப் பிடித்தபடி நின்றிருந்தார். குடை எப்போதோ திரும்பிக்கொண்டுவிட்டது, அவர் கவனிக்கவில்லை.

"சார், கரை தாங்காது. தண்ணியைக் குழிக்குள்ள திருப்பணும்."

குழி என்றால் கல் எடுக்கும் பள்ளம். குவாரியின் சோற்றுப்பானை. லாரிப் பாதைக்கும் அதற்கும் நடுவில், லாரி தவறி விழாமலிருக்க மார்பளவு மண்மேடு போட்டிருந்தார்கள். அந்த மேட்டை ஓரிடத்தில் வெட்டிவிட்டால் தண்ணீர் குட்டைக்கு வராமல் குழிக்குள் விழும்.

மேனேஜர் அவளை வெறித்துப் பார்த்தார். "என்ன பேசறீங்கன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா? அடுத்த வெடிக்குத் துளை முழுக்கப் போட்டு வச்சிருக்கு. ட்ரில்லிங் மெஷின் ரிப்பேராகி உள்ளேயே நிக்குது. குழி ரொம்பிச்சுன்னா இறைச்சு முடிக்கவே மாசக்கணக்காகும். அதுவரைக்கும் இத்தனை பேருக்கும் சோறு யார் போடுவா, நீங்களா?"

"துளையைத் திரும்பப் போடலாம் சார். மெஷினைத் துடைச்சு எடுத்துக்கலாம். கரை உடைஞ்சா கீழ என்னத்தைத் திரும்ப எடுப்பீங்க? நீங்க போய்ப் பாத்த வீடுங்கதான் அது."

அவர் குட்டைப் பக்கம் நடந்தார். அவளும் கூடவே போனாள். கசிவைக் கையால் தொட்டுக் காட்டினாள். அவர் அந்தக் கலங்கல் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். அதிலிருந்த மண் விரலிடுக்கில் தங்கியது. இதற்குள் கசிவு குழாய்த் தண்ணீர் போலப் பீறிட ஆரம்பித்திருந்தது.

"ஓனருக்கு நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார். "குழியில ஆளுங்களை ஏத்துங்க முதல்ல."

சைரன் ஊதினார்கள். ஆட்கள் ஏறி வந்தார்கள். லாரிகள் வந்தன. மாப்பிள்ளை பொக்லைனை மண்மேட்டருகே கொண்டுவந்து நிறுத்தி, கையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒருவர் மட்டும் வரவில்லை. குழியின் அடியில் தண்ணீர் இறைக்கும் பம்ப்காரர். வருஷக்கணக்காக மோட்டார் பக்கத்திலேயே இருந்து அவருக்குக் காது மந்தம். சைரன் கேட்டிருக்காது. தனக்குக் கேட்காததால் மற்றவர்களுக்கும் கேட்காது என்று நினைத்து, எதைப் பேசினாலும் கத்தித்தான் பேசுவார்.

அவள் மேனேஜரின் ஜீப் சாவியைக் கேட்காமலேயே எடுத்துக்கொண்டாள். சரிவுப் பாதையில் ஜீப் சறுக்கிக்கொண்டு இறங்கியது. பம்ப் கொட்டகையில் அவர் முழங்கால் தண்ணீரில் நின்று, மோட்டாருக்கு மேலே தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தண்ணி ஏறுது மேடம், பம்ப்பை நிறுத்தக் கூடாது" என்று கத்தினார்.

அவள் அவருடைய நல்ல காதில் வாயை வைத்துக் கத்தினாள். "குழியைத்தான் ரொப்பப் போறோம். வாங்க."

"பம்ப்பை விட்டுட்டா? புதுசு மேடம் இது."

"பம்ப் வேற வாங்கிக்கலாம்ண்ணே. உங்களை எந்தக் கடையில போய் வாங்கறது?"

அவர் மோட்டாரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சுவிட்சை அணைத்தார். மோட்டார்மேல் தட்டிக்கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். ஏறுகிற பாதையில் ஒரு திருப்பத்தில் சக்கரம் சுழன்று நின்றபோது, அவர்தான் இறங்கித் தள்ளினார். தள்ளிக்கொண்டே அவளுக்கு வண்டி ஓட்டவும் கற்றுக்கொடுத்தார். அது மேலே நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது.

ஜீப் மேட்டைத் தாண்டியதும் அவள் மாப்பிள்ளைக்குக் கையை ஆட்டினாள். பொக்லைன் வாளி மண்மேட்டில் இறங்கியது. ஒரு அள்ளு, இரண்டு அள்ளு. மூன்றாவது அள்ளு தேவையில்லாமல் போயிற்று. தண்ணீரே மீதியை அறுத்துக்கொண்டு குழிக்குள் பாய்ந்தது. மாப்பிள்ளை பொக்லைனை அவசரமாகப் பின்னுக்கு எடுத்தார். பழுப்பு நிறத்தில் ஒரு அருவி, படிப்படியாக வெட்டிய பாறைகளில் மோதி அடித்தளத்தில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் பம்ப் கொட்டகையின் கூரை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. பம்ப்காரர் தலையிலிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவள் அங்கே நிற்கவில்லை. ஆட்களைக் கூட்டிக்கொண்டு குட்டைக் கரைக்கு ஓடினாள். கசிகிற இடத்தின்மேல் முதலில் மணல் மூட்டை, அதற்குமேல் ஜல்லி, அதற்குமேல் பெரிய கல். லாரி ஓட்டுபவர்கள், கல் உடைக்கும் கிரஷர் ஆட்கள், கணக்கு எழுதுபவர் எல்லோரும் வரிசையாக நின்று கைமாற்றினார்கள். மேனேஜரும் வரிசையில் நின்றார். குட்டை ஏறுவது நின்றது. பிறகு மெல்ல இறங்க ஆரம்பித்தது. பொழுது சாயும்போது கசிவு தெளிந்து வந்தது. அதைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு அவள் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தெருவில் அன்று கணுக்கால் அளவு தண்ணீர்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் கைக்குழந்தையும் மூட்டை முடிச்சுமாக உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பி வந்து, வீடு வீடாகவே இருப்பதைப் பார்த்து, மாமியார்மேல் எரிந்து விழுந்தார்கள். மழையில் இப்படி அடித்துப் பிடித்து ஓட வைத்தாயே, என்ன வந்துவிட்டது என்று கேட்டார்கள். மருமகள் வீட்டுக்கு வந்ததும் மாமியார், "என்னதான் ஆச்சு?" என்று கேட்டார். அவள் சொல்லத் தொடங்கி, சோற்றுத் தட்டின் முன்னாலேயே தூங்கிப்போனாள்.

நடந்தது என்னவென்று தெருவுக்குத் தெரியவந்தது பம்ப்காரரால்தான். இரண்டு நாள் கழித்து அவர் வாசலில் வந்து நின்றார்.

"உங்க மருமக இல்லேன்னா நான் பம்ப்போட போய்ச் சேர்ந்திருப்பேம்மா" என்று ஆரம்பித்தார். அவருக்கு அது மரியாதையான மெல்லிய குரல். கீழ் வரிசை முழுக்கக் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டது. குழி எப்படி நிரம்பியது, கரை எப்படிப் போக இருந்தது, போயிருந்தால் எந்த வீடு முதலில் போயிருக்கும் என்று அவர் விலாவாரியாகச் சொன்னார். மாமியார் அவருக்கு நாற்காலி போட்டார்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றார். "கடைசி வீட்டுக்குச் சரியாக் கேட்கலையாம்."

ஆனால் குவாரியில் நிலைமை வேறாக இருந்தது. குழி ஏரியாகிவிட்டது. வேலை நின்றது. லாரி ஓட்டுபவர்கள் சிலர் வேறு இடம் தேடிப் போனார்கள். இருந்தவர்களில் சிலர் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "தெருவைக் காப்பாத்திட்டாங்க, எங்க அடுப்பை அணைச்சுட்டாங்க" என்று கிரஷர் ஆள் ஒருவன் அவள் காதுபடவே சொன்னான். அது பொய்யில்லை என்பதுதான் அவளை உறங்கவிடாமல் செய்தது. அந்தப் பேச்சுக்கு வாயால் பதில் சொல்வதில் அர்த்தமில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

மேனேஜரிடம் போனாள். அவரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"சார், இறைக்கிற வரைக்கும் ஆளும் மெஷினும் சும்மாத்தானே இருக்கு? வாய்க்காலைக் கல்லால கட்டுவோம். கல்லுக்கு நாம எங்கேயும் போக வேண்டாம். குட்டைக்குக் கீழ இன்னொரு குட்டை வெட்டுவோம். கூலி நிக்காது. அடுத்த மழைக்குக் குழியும் ரொம்பாது."

"ஓனர் கேக்க மாட்டார்."

"நீங்க கேளுங்க. நானும் வர்றேன்."

ஓனர் முதலில் முடியாது என்றார். இரண்டாம் முறை, யோசிக்கலாம் என்றார். மூன்றாம் முறை அவர்களோடு மாமியாரும் தெரு ஆட்களும் போனார்கள். வழக்கமாக வருகிற கூட்டம், ஆனால் இந்த முறை குவாரியை மூடச் சொல்லவில்லை, வாய்க்கால் கட்டச் சொல்லிக் கேட்டது. ஓனருக்கு எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியவில்லை. "கட்டித் தொலைங்க" என்றார்.

கட்டினார்கள். சரிந்த மண்ணை மேலிருந்து கீழாகத் தட்டுத் தட்டாக எடுத்தார்கள். வாய்க்காலை அகலப்படுத்தி, இரு பக்கமும் கல் அடுக்கிப் பூசி, தண்ணீர் வேகம் பிடிக்கும் இடங்களில் படி வைத்தார்கள். பெரிய வளைவில் மட்டும் ஆளுயரச் சுவர். முகத்தைத் திருப்பிக்கொண்ட கிரஷர் ஆள்தான் அங்கே கல் பொருத்தினான். கோபம் போகவில்லை. ஆனால் ஒரு கல் கோணலாக உட்கார்ந்தாலும் அவனே பிடுங்கித் திரும்ப வைத்தான். மாப்பிள்ளை புதுக் குட்டையை வெட்டினார். பம்ப்காரர் தண்ணீருக்கடியிலிருந்து தன் பம்ப்பைக் கயிறு கட்டி வெளியே எடுத்து, பிரித்து, காயவைத்து, அதையே மறுபடி ஓட வைத்து ஊரைக் கூட்டினார்.

குழியில் பாதி இறைத்திருந்தபோது அடுத்த பெருமழை வந்தது. அவள் வாய்க்காலின் தலையிலிருந்து நடக்க ஆரம்பித்தாள். மேனேஜரும் கூட வந்தார். இந்த முறை குடை இல்லை, மழைக்கோட்டு. தண்ணீர் கல்லுக்குள் அடங்கி, படிகளில் விழுந்து நுரைத்து, பெரிய வளைவில் சுவரோடு உரசித் திரும்பி, இடுக்கை நோக்கிப் போனது. குவாரிக்குள் நேராக அதன்மேல் விழுந்த மழைத்தண்ணீர் மட்டும்தான் இருந்தது. குட்டைகள் இரண்டிலும் இன்னும் இடம் இருந்தது.

வளைவைத் தாண்டி ஓரிடத்தில் அவள் நின்றாள். இரண்டு கல்லுக்கு நடுவில் பூச்சு விட்டு, ஒரு இழை தண்ணீர் வெளியே ஒழுகிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து அதில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"என்ன மேடம், பெரிசா?" என்றார் மேனேஜர்.

"இல்ல சார், சின்னதுதான். மழை விட்டதும் பூசிடணும். கலவைக்கு ஆள் வேணும்."

"எத்தனை பேர்?"

"ரெண்டு பேர் போதும்" என்று எழுந்து, வாய்க்காலை ஒட்டியே மேற்கொண்டு நடந்தாள். இன்னும் பாதி வாய்க்கால் பார்க்க வேண்டியிருந்தது.